பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்குகிறது

பழைய காரில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால் பல்பை மாற்றுகிறோம். புது பல்பு எரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம். எங்கள் காரில் அது அப்படி முடியவே இல்லை. புது பல்பு சில நாள் பளிச்சென்று எரியும், அப்புறம் மங்கும். வலது பக்கம் சரியானால் இடது பக்கம் போகும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கும். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் பின்னால் எல்லா விளக்கும் அணைந்து, மீட்டர் போர்டும் இருட்டாகிவிடும். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் எதையாவது மாற்றிக் கொடுப்பார், அதற்குக் காசும் வாங்குவார். கோளாறு திரும்பி வந்துவிடும்.

இதையெல்லாம் இப்போது விவரமாக எழுதக் காரணம், எங்கள் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் எங்களைப்போல் இன்னும் எத்தனையோ குடும்பங்களிடம் வெள்ளத்தில் நனைந்த கார்கள் இருக்கின்றன. அவற்றின் விளக்குகளும் இப்படித்தான் படுத்துகின்றன. பார்த்தவரை ஏறக்குறைய எல்லாமே வயரிலும், வயர்களை இணைக்கிற கப்ளரிலும், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிற வழியான எர்த்திலும் இருக்கிற கோளாறுதான். விளக்கில் இல்லை. அதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பொறுமையும் சில நூறு ரூபாய் மல்டிமீட்டரும் போதும்.

எங்களுடையது 2009 மாடல், சின்ன ஹேட்ச்பேக். அப்பா வேலையில் இருந்து ஓய்வு பெறும் முன் வாங்கிய கார். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு, என்னைக் கல்லூரிக்கு, பிறகு என் கல்யாணத்துக்கு, என் மகனைப் பிரசவம் முடிந்து வீட்டுக்கு என்று எங்கள் வீட்டில் நடந்த எல்லாவற்றிலும் அந்தக் கார் இருந்திருக்கிறது. விற்கச் சொல்கிறவர்களுக்கு அப்பா பதில் சொல்வதே இல்லை. எனக்கும் விற்க மனமில்லை. எஞ்சின் இன்னும் தங்கமாக ஓடுகிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை இங்கே யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். எங்கள் வீடு பிரையண்ட் நகர் பக்கம். தண்ணீர் காம்பவுண்டுக்குள் வந்ததும் அப்பா நனைந்துகொண்டே போய் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட்டு வந்தார். காரை எங்கேயும் நகர்த்த வழியில்லை. விடிந்தபோது தண்ணீர் சீட்டின் அடிப்பகுதி வரை நின்றது. வடிவதற்குச் சில நாட்கள் ஆயின.

மைனஸைக் கழற்றியது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. தண்ணீர் மட்டும் பட்டால் செம்பும் பித்தளையும் மெதுவாகத்தான் கெடும். அந்தத் தண்ணீரில் மின்சாரமும் இருந்தால் கதை வேறு. கப்ளருக்குள் இருக்கிற பிளஸ் பக்கத்து உலோக ஊசியிலிருந்து, அதாவது பின்னிலிருந்து, உலோகம் கரைந்து வெளியேறத் தொடங்கும். பள்ளியில் படித்த மின்னாற்பகுப்புதான் அது, காரின் கம்பளத்துக்கு அடியில் நடக்கிறது. உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் வேகம். தூத்துக்குடி மண்ணில் உப்புக்கா பஞ்சம்? பேட்டரி இணைப்போடு வெள்ளத்தில் கிடந்த பல கார்களில் கப்ளரைத் திறந்தபோது உள்ளே அந்த ஊசியே இல்லை, பச்சைத் தூள்தான் கொட்டியது என்று ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி சொன்னார்.

எங்கள் காரை டோ செய்து கொண்டுபோய், ஸ்டார்ட் செய்து பார்க்காமலேயே ஆயில் மாற்றி, சீட்டு, கம்பளம் எல்லாவற்றையும் கழற்றிக் காயவைத்தோம். ஓடியது. விளக்கும் எரிந்தது. தப்பித்தோம் என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் சீட்டுக்கு அடியிலும், டிரைவரின் கால் பக்கத்துப் பலகைக்குப் பின்னாலும் இருக்கிற கப்ளர்களுக்குள் ஈரம் அப்படியே தங்கிவிட்டது. வயரின் செம்பு இழைகளுக்கு நடுவே தண்ணீர் தானாகவே ஏறி, ரப்பர் உறைக்குள் வெகுதூரம் போய்விடும். வெளியே பார்த்தால் வயர் புதுசுபோல் இருக்கும். பேட்டரியைத் திரும்ப மாட்டிய பிறகு உள்ளே அரிப்பு ஆரம்பித்தது. மூன்று நான்கு மாதம் கழித்து, கோடையில், எல்லோரும் வெள்ளத்தை மறந்திருந்த நேரத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின.

முதலில் போனது வலது ஹெட்லைட். எரிகிறது, ஆனால் மஞ்சளாக, சோகை பிடித்து எரிகிறது. ஒரு கடையில் பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். இன்னொரு இடத்தில் மொத்த வயரிங்கையும் புதிதாகப் போட வேண்டும் என்று காரின் விலையில் பாதியைச் சொன்னார்கள். அப்பா இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலமாகத்தான் அண்ணாச்சி கிடைத்தார். மூன்றாம் மைல் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் சின்னத் தகரக் கூரை, அவ்வளவுதான் அவர் கடை. அறுபது வயதைத் தாண்டியவர்.

வந்ததும் அவர் பல்பைத் தொடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, டிம்மைப் போடச் சொன்னார். மீட்டரை பேட்டரியில் வைத்தார்: 13.8 வோல்ட். "சார்ஜிங் சரியாத்தான இருக்கு, ஆல்டர்னேட்டரை என்னத்துக்கு மாத்தணும்?" என்றார். அடுத்து வலது ஹெட்லைட் கப்ளருக்குப் பின்னால் வைத்தார்: 11.9. வழியில் 1.9 வோல்ட் காணாமல் போயிருக்கிறது.

அந்த 1.9 எங்கே போனது என்று அவர் தேடிய விதத்தை ஒவ்வொரு கார்க்காரரும் தெரிந்துகொள்ள வேண்டும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையைப் பல்பின் பிளஸ் பின்னிலும் வைத்தார். 0.7 காட்டியது. அது போகிற வழியில் ஏற்படும் இழப்பு. பிறகு ஒரு முனையைப் பல்பின் எர்த் பின்னிலும் மறுமுனையை பேட்டரி மைனஸிலும் வைத்தார். 1.2. அது திரும்பி வருகிற வழியில் ஏற்படும் இழப்பு. இரண்டையும் கூட்டினால் 1.9. நல்ல காரில் இந்த இரண்டும் சேர்ந்தே அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

"எல்லாரும் கரண்டு வாற வழியத்தான் பாப்பாங்கம்மா. திரும்பிப் போறதுக்கும் வழி வேணும்லா."

காரில் வீட்டு வயரிங் மாதிரி ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு வயர் பேட்டரி வரை ஓடுவதில்லை. பிளஸ் மட்டும்தான் வயரில் வருகிறது. மைனஸுக்குக் காரின் இரும்பு உடம்பேதான் வழி. விளக்கின் கறுப்பு வயர் பக்கத்திலேயே எங்காவது ஒரு திம்பிளில் (வயர் முனையில் மாட்டுகிற உலோக வளையம்) முடிந்து, ஒரு போல்ட்டில் பாடியோடு இறுக்கப்பட்டிருக்கும். அந்தப் போல்ட்டுக்கு அடியில் துரு பிடித்தால் போதும். வயர் நன்றாக இருக்கும், பல்பு நன்றாக இருக்கும், ஃப்யூஸ் நன்றாக இருக்கும், விளக்கு மட்டும் சரியாக எரியாது.

நானும் வீட்டில் மல்டிமீட்டர் வாங்கி, அதே போல்ட்டைச் சாதாரணமாக பீப் சத்தம் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். நன்றாகவே பீப் அடித்தது. மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். நாற்பது இழையில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதற்கு வழி கிடைத்துவிடும். விளக்கு கேட்பதோ ஐந்து ஆம்பியர் அளவு. அதனால்தான் அண்ணாச்சி விளக்கை எரியவிட்டுக்கொண்டே அளக்கிறார். அணைத்துவிட்டு அளந்தால் இந்த வகைக் கோளாறு கண்ணில் படாது.

11.9 வோல்ட்டும் எரிகிற அளவுதானே என்று தோன்றலாம். ஹாலஜன் பல்பின் ஒளி, வோல்ட்டேஜ் குறைகிற அதே விகிதத்தில் குறைவதில்லை. வோல்ட்டேஜின் ஏறத்தாழ 3.4 அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் ஒளி சுமார் 30 சதவீதம் குறையும். எங்களுக்கு 14 சதவீதம் குறைந்திருந்தது. அப்படியானால் வெளிச்சத்தில் சுமார் 40 சதவீதம் போய்விட்டது. திருச்செந்தூர் சாலையில் நாங்கள் அந்த வெளிச்சத்தில்தான் போய் வந்துகொண்டிருந்தோம்.

அந்தச் சாலையை இரவில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி என்று ஊருக்கு ஊர் வெளிச்சம் வரும், நடுவில் கும்மிருட்டு. தைப்பூச சமயத்திலும் மாசித் திருவிழாவிலும் பாதயாத்திரை போகிறவர்கள் ராத்திரி முழுக்க ரோட்டோரம் நடப்பார்கள். பச்சை வேட்டி, பச்சைச் சேலை. மங்கின ஹெட்லைட்டில் பச்சை நிறம் தெரியவே தெரியாது. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்களும் அதில் உண்டு. 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கார் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. விளக்கு எட்டுகிற தூரம் குறைந்தால், அவர்களைப் பார்த்து பிரேக்கை மிதிக்க நமக்குக் கிடைக்கிற நேரமும் குறைகிறது. கார் விளக்கை நான் இவ்வளவு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளக் காரணம் அவர்கள்தான்.

ஹெட்லைட் எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியில் இருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியும்படி செய்து, புதுத் திம்பிள் போட்டு, இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசினார். அந்த 1.2 வோல்ட் 0.1 ஆகிவிட்டது. செலவு என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

பிளஸ் பக்கத்து 0.7 வேறு கதை. எங்கள் காரில் ஹெட்லைட்டுக்கு ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தை இயக்குகிற சுவிட்ச், கிடையாது. பேட்டரியிலிருந்து கிளம்புகிற மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டுக்குள் வந்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிற காம்பினேஷன் சுவிட்சுக்குள் போய், திரும்ப முன்னால் போய்த்தான் பல்பை அடைகிறது. எச்4 பல்பில் டிம் 55 வாட், பிரைட் 60 வாட். இரண்டு விளக்கும் பிரைட்டில் எரிந்தால் 120 வாட், அதாவது 10 ஆம்பியர். அந்தச் சின்ன சுவிட்சின் காப்பர் புள்ளி வழியாக இத்தனை வருடம் அது போய்க்கொண்டிருக்கிறது. புள்ளி கறுத்து, சூடாகி, சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் இளகியிருந்தது. நீண்ட நேரம் பிரைட் போட்டால் ஸ்டியரிங் பக்கம் ஒரு கருகல் வாசம் வரும் என்று அம்மா அடிக்கடி சொல்வார். அது இதுதான்.

அண்ணாச்சி பேட்டரிக்குப் பக்கத்தில் இரண்டு ரிலே வைத்தார், டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. சுவிட்சிலிருந்து வருகிற பழைய வயர் இப்போது ரிலேயின் 85, 86 பின்களுக்கு மட்டும் வேலை செய்கிறது. அதற்கு ஆம்பியரில் கால் பங்குகூடத் தேவைப்படாது. பெரிய மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் பின்னுக்கு வந்து, 87-ஆம் பின் வழியாக நேரே பல்புக்குப் போகிறது. டேஷ்போர்டுப் பக்கம் போவதே இல்லை. பிளஸ் பக்க இழப்பு 0.2 ஆனது. அதே பழைய பல்புதான், அன்று இரவு அப்பா ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து "புதுக் கார் வாங்குன அன்னைக்கு இருந்த மாதிரி இருக்கு" என்றார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வெளிச்சம் குறைகிறது என்று 100/90 வாட் பல்பு வாங்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். ஏற்கெனவே திணறுகிற வயரிலும் சுவிட்சிலும் அது இன்னும் சுமையை ஏற்றுகிறது, ஹோல்டர் உருகிவிடுகிறது. இன்னும் சிலர் ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பைச் செருகுகிறார்கள். இழை இருக்க வேண்டிய இடத்தில் ஒளி துல்லியமாகப் பிறக்காததால் வெளிச்சம் சாலையில் விழாமல் எதிரே வருகிறவர் கண்ணில் விழுகிறது. தனக்கு நன்றாகத் தெரிகிறது என்பதற்காக எதிரே வருகிற பைக்காரரைக் குருடாக்க நமக்கு உரிமை இல்லை. இருக்கிற பல்புக்கு முழு வோல்ட்டேஜ் கிடைக்கச் செய்தால் இதெல்லாம் தேவைப்படாது.

சரி, தலைப்பில் சொன்ன பிரேக், இண்டிகேட்டர் விஷயம். பார்க்க விசித்திரமாகத்தான் இருந்தது. இண்டிகேட்டர் போட்டால் நன்றாக மின்னுகிறது. அதோடு பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்குகிறது, மீட்டர் போர்டில் அம்புக்குறி கன்னாபின்னா என்று வேகமாக அடிக்கிறது. பார்க்கிங் லைட்டும் போட்டிருந்தால் மூன்றும் சேர்ந்து அரைகுறையாக எரிகின்றன.

பின் விளக்கில் ஒரே பல்புக்குள் இரண்டு இழை இருக்கும். 5 வாட் இழை இரவில் எரிவதற்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. இண்டிகேட்டர் தனி 21 வாட் பல்பு. இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு எர்த் வயர். அது துருவால் அடைபட்டால், பிரேக் இழைக்கு வந்த மின்சாரம் மைனஸுக்குப் போக வழியில்லாமல் பக்கத்து இழையைத் தேடி, அதன் வழியாக வேறு எங்கோ இருக்கிற எர்த்துக்குப் போகும். அதனால்தான் தொடர்பே இல்லாத விளக்குகள் ஒன்றோடொன்று கோளாறு செய்வதுபோல் தெரிகிறது. ஒன்றை இயக்கினால் இன்னொன்று மங்குகிறது அல்லது தானாக எரிகிறது என்றால் முதலில் எர்த்தைச் சந்தேகிக்க வேண்டும். சுவிட்சையோ, இண்டிகேட்டரை மின்னவைக்கிற ஃப்ளாஷரையோ மாற்றப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

"எலே, அந்த நீட்டு வயரை எடுத்துட்டு வா" என்று உதவிக்கு நின்ற பையனிடம் சொன்னார். பேட்டரி மைனஸிலிருந்து டிக்கி வரை ஒரு வயரை நீட்டி, பின் விளக்கின் எர்த் பின்னில் தொட்டார். அந்த நொடியே எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தன. கோளாறு இன்னதென்று அதிலேயே நிரூபணம் ஆகிவிட்டது. டிக்கியின் ஓரப் பலகையைக் கழற்றினால், வெள்ளத் தண்ணீர் கடைசியாகத் தேங்கி நின்ற மூலையில் அந்தப் போல்ட். தலை உதிர்ந்து கையோடு வந்தது.

இண்டிகேட்டர் வேகமாக அடிப்பதைப் பலர் கோளாறு என்று நினைக்கிறார்கள். அது நமக்குத் தரப்படும் எச்சரிக்கை. ஒரு பல்பு போனாலோ, சரியாகத் தொடர்பு கிடைக்காமல் போனாலோ மின்னோட்டம் குறையும், ஃப்ளாஷர் அதை உணர்ந்து வேகமாக அடிக்கும்படி செய்திருக்கிறார்கள். ஓட்டுகிறவர் பின்னால் இருக்கும் பல்பைப் பார்க்க முடியாது அல்லவா, அதற்காக.

மேடு பள்ளத்தில் பின் விளக்கு மொத்தமாக அணைந்ததுதான் கண்டுபிடிக்க நீண்ட நாள் எடுத்தது. 10 ஆம்பியர் சிவப்பு ஃப்யூஸ் போய்விடும். புதிது போட்டால் இரண்டு வாரம் நிற்கும். பெட்ரோல் பங்க்கில் ஒருவர் 25 ஆம்பியர் போட்டால் போகாது என்று நல்லெண்ணத்தில் யோசனை சொன்னார். ஃப்யூஸ் போகாதுதான். அதற்குப் பதிலாக வயர் எரியும். 10 ஆம்பியரைத் தாங்குகிற வயருக்கு 10 ஆம்பியர் ஃப்யூஸ்தான் போட வேண்டும். ஃப்யூஸ் இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவைத்து ஓட்டுகிற வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். கதவுக்கும் பெட்ரோல் டேங்குக்கும் அருகில்தான் அந்த வயர்கள் போகின்றன.

இதில் ஒரு துப்பு இருந்தது. பின் விளக்கு போகும்போதெல்லாம் மீட்டர் போர்டு வெளிச்சமும் போகிறது. இரண்டும் நம்பர் பிளேட் விளக்கும் ஒரே ஃப்யூஸில் இருக்கின்றன. ஆகவே இந்த மூன்றில் ஏதோ ஒரு வயர் எங்கோ பாடியைத் தொட்டு ஷார்ட் ஆகிறது. இவற்றில் அசைகிற இடம் எது? டிக்கிக் கதவு. கதவுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு கறுப்பு ரப்பர் குழாய் இருக்கும், அதற்குள் நம்பர் பிளேட் விளக்கு, பின் வைப்பர், மேல் பிரேக் லைட் எல்லாவற்றின் வயரும் போகின்றன. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அவை மடங்கி நிமிர்கின்றன. அதுவும் இத்தனை வருடமாக.

ரப்பரை இழுத்துப் பார்த்தபோது நம்பர் பிளேட் வயரின் மேல்தோல் வெடித்து செம்பு வெளியே தெரிந்தது. வைப்பர் வயர் வெளியே முழுசாக இருந்தது, விரலால் இழுத்தபோது மட்டும் ரப்பர்போல் நீண்டது. உள்ளே செம்பு அறுந்துவிட்டிருந்தது. இந்த இடத்தை ஒட்டுப் போடுவதில் அண்ணாச்சி காட்டிய கவனம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒட்டை மடங்குகிற இடத்தில் போடவே இல்லை. ஈயம் வைத்த இடம் விறைப்பாகிவிடும், அதற்குப் பக்கத்திலேயே திரும்ப அறுந்துவிடும். அதனால் இரண்டு பக்கமும் வெகுதூரம் வெட்டி, நடுவில் மெல்லிய இழைகள் நிறைய உள்ள நெகிழ்வான வயரைக் கொஞ்சம் நீளமாகவே விட்டு, ஒட்டுகளைக் கதவுக்குள்ளும் பாடிக்குள்ளும் தள்ளிவிட்டார். டேப் சுற்றவில்லை. நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை உருகிக் கழன்றுவிடும் என்று, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற ஸ்லீவ் போட்டார். அதற்குப் பிறகு அந்த ஃப்யூஸ் போகவே இல்லை.

நடுவில் பேட்டரி இறங்குகிற பிரச்சினையும் வந்தது. இரண்டு மூன்று நாள் எடுக்காமல் விட்டால் செல்ஃப் அடிக்காது. இதை நானும் என் மகனும் வீட்டிலேயே கண்டுபிடித்தோம். வண்டியை அணைத்து, கதவெல்லாம் மூடி, பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் வரிசையில் வைத்தோம். இப்படி வைத்திருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பக் கூடாது, செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டர் போய்விடும். அரைமணி நேரம் விட்டுப் பார்த்தோம். நல்ல காரில் 50 மில்லிஆம்பியருக்குள் இருக்கும். எங்களுக்கு 0.43 ஆம்பியர். ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர்-மணி. எங்கள் பேட்டரியே 35தான்.

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். ரூம் லைட் ஃப்யூஸை எடுத்ததும் எண் விழுந்தது. ஆனால் ரூம் லைட் அணைந்துதான் இருக்கிறது. அப்போது மகன்தான் கணக்குப் போட்டான்: 12 வோல்ட்டில் 0.43 ஆம்பியர் என்றால் 5 வாட் பல்பு ஒன்று எங்கோ எரிகிறது. டிக்கிக்குள் ஒரு 5 வாட் பல்பு இருக்கிறது. மூடினால் அது அணைகிறதா என்று எப்படிப் பார்ப்பது? என் போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடித் திறந்தான். மூடிய பிறகும் உள்ளே வெளிச்சம் ஜெகஜோதியாக இருந்தது. கதவு அழுத்துகிற சுவிட்ச் துருவேறி, அழுத்தினாலும் இணைப்பு விடாமல் சிக்கிக் கிடந்தது. அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே.

எலி கடித்த வயர் தனி. எங்கள் தெருவில் அது எல்லா வீட்டிலும் உண்டு, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்ப்பது மட்டும்தான் எங்களுக்குப் பலன் தந்தது.

2024-இல் காருக்குப் பதினைந்து வருடம் முடிந்தது. தனியார் காரின் பதிவு பதினைந்து ஆண்டுக்குத்தான் செல்லும். அதன் பிறகு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அதற்குள் இந்த வேலையெல்லாம் முடிந்திருந்தது நல்லதாகப் போயிற்று. மோட்டார் வாகன ஆய்வாளர் டிம், பிரைட், பார்க்கிங், இண்டிகேட்டர், பிரேக், ரிவர்ஸ் என்று ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். அப்பா ஸ்டியரிங்கில் உட்கார்ந்து போட்டார், நான் பின்னால் நின்று பார்த்தேன். எல்லாம் எரிந்தன. புதுப்பித்துக் கொடுத்தார்கள்.

இதே நிலையில் கார் வைத்திருக்கிறவர்கள் என்ன செய்யலாம் என்று கேட்டால், முதலில் எர்த் போல்ட்டுகளைப் பார்க்கச் சொல்வேன். பேட்டரியிலிருந்து பாடிக்கு, எஞ்சினிலிருந்து பாடிக்கு, இரண்டு ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில், டிக்கியின் இரு மூலைகளில், டிரைவரின் கால் பக்கத்தில். பெரும்பாலான சின்னக் கார்களில் இவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் கழற்றித் தேய்த்து மாட்டிவிடலாம். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். இதைச் செய்த பிறகும் கோளாறு இருந்தால் நல்ல எலக்ட்ரீஷியனிடம் போகலாம். வந்தவுடன் பார்ட்ஸ் பெயரைச் சொல்கிறவரிடம் போகாதீர்கள், மீட்டரையும் டெஸ்ட் லாம்ப்பையும் கையில் எடுக்கிறவரிடம் போங்கள். அப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பெரிய பலகை வைத்திருக்க மாட்டார்கள், விசாரித்தால் தெரியும்.

எங்கள் காரில் இன்னும் ஒன்று பாக்கி. மீட்டர் போர்டு வெளிச்சம் மழை நாளில் மட்டும் லேசாகத் துடிக்கிறது. டிரைவரின் கால் பக்கத்தில் இருக்கிற பெரிய கப்ளரில்தான் இருக்கும் என்று அண்ணாச்சி சொல்கிறார். அதைத் திறக்க டேஷ்போர்டைப் பாதி கழற்ற வேண்டும், ஒரு நாள் முழுக்க வேலை. குலசை (குலசேகரப்பட்டினம்) தசரா முடிந்து வரச் சொல்லியிருக்கிறார். மழைக்காலம் தொடங்குமுன் முடித்துவிட வேண்டும்.